இருத்தலும் ஏகலும்: தமிழகத்து ஈழ ஏதிலியர் வரலாற்றில் ஒரு வினா

நாடு விட்டு நாடு புகுந்தோரைக் குறிக்க இக்காலத் தமிழில் இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று அகதி, மற்றொன்று ஏதிலி. அகதி என்பது வடசொல். கதியற்றவன், புகலற்றவன் என்பது அதன் பொருள். ஏதிலி என்பது ஏதிலார் என்னும் பழஞ்சொல்லின் வழிவந்தது. திருக்குறளிலும் சங்கச் செய்யுட்களிலும் ஏதிலார் என்பது அயலார், தொடர்பிலார் என்னும் பொருளில் ஆளப்படுகின்றது. ஆக, முன்னைய சொல் போக வழியின்மையையும், பின்னைய சொல் இருக்கும் இடத்தில் உறவின்மையையும் சுட்டுவன. 1983 முதல் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகம் புகுந்த ஈழத் தமிழர்க்கு இவ்விரண்டும் முற்றப் பொருந்துவன அல்ல. அவர்கள் வந்திறங்கிய கரையில் மொழியும் ஒன்று, தெய்வங்களும் ஒன்று. அவர்களை அயலார் எனச் சொல்ல நாக் கூசும். போக வழியற்றோர் எனவும் சொல்லற்கில்லை. 'போகின்றீர்களா, இருக்கின்றீர்களா' என்னும் வினா ஒரு முறையன்று, பன்முறை அவர்கள்முன் வைக்கப்பட்டது. அவ்வினாவை எழுப்பியோர் யாவர், எக்காலங்களில் எழுப்பினர், விடை கூறுதற்கு உரிய நிலை விடையிறுப்போர்க்கு இருந்ததா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது யான் வாழும் மேனாம்பேடு. பேடு என முடியும் ஊர்ப்பெயர்கள் தொண்டைநாட்டின் இப்பகுதியிற் பல. கோயம்பேடு, மப்பேடு என்பன யாவரும் அறிந்தவை. அம்பத்தூரைச் சார்ந்த சிற்றூராய் இருந்த மேனாம்பேடு, 1960களின் நடுவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர்ப் பட்டறைத் தொழிலாளர் குடியிருப்பாய் வளர்ந்து, 2011-இல் சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கியது. புழல் ஏரிக்கு அப்பால் காவாங்கரையில் ஈழத் தமிழர் முகாம் ஒன்று உளது. வடக்கே கும்மிடிப்பூண்டியில் உள்ளது அதனினும் பெரிது. தென்மேற்கே பூந்தமல்லியில், 'சிறப்பு முகாம்' என்னும் பெயரில் அடைக்கப்பட்டோர் இருந்த இடமும், ராஜீவ் காந்தி கொலை வழக்கின் தீர்ப்பு 1998 ஜனவரி 28-இல் உரைக்கப்பட்ட நீதிமன்றமும் இருந்தன. ஆகவே சென்னையின் மேற்புறத்தே வாழ்பவனுக்கு இவ்வரலாறு ஏட்டில் மட்டும் கிடப்பதன்று. பேருந்து செல்லும் தூரத்தில் உள்ளது.

முகாம்களில் வாழ்வோர் மட்டுமே ஏதிலியர் எனக் கருதுவது பலரும் செய்யும் பிழை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே 34,087 பேரும் வாழ்ந்தனர். வெளியே வாழ்வோர் காவல் நிலையத்தில் தம்மைப் பதிந்துகொண்டு, வாடகை வீடுகளில், தம் உழைப்பாலோ, மேனாடுகளில் வாழும் உறவினர் விடுக்கும் பணத்தாலோ காலங்கழிப்பவர்.

வந்தோர் இரு திறத்தார்

திரும்பிச் செல்லுதல் பற்றிப் பேசுமுன், எங்கிருந்து வந்தனர் என்பதைத் தெளிதல் வேண்டும். 1983 ஜூலை 24 முதல், நான்காண்டும் சில திங்களும் நீண்ட முதல் அலையில் 1,34,053 பேர் வந்தனர் என அரசுக் கணக்குக் கூறும். 1989 ஆகஸ்டு முதல் 1991 ஏப்ரல் வரை ஏறத்தாழ 1,22,000 பேர் வந்தனர். 1995-க்குப் பின்னரும், 2006-க்குப் பின்னரும் மேலும் இரு அலைகள் எழுந்தன. எல்லாம் கூடி மூன்று லட்சத்துக்கு மேற்படும். இவ்வெண்கள் ஆய்வாளர் பலரால் எடுத்தாளப்படுபவை. ஆயின் இவற்றுள் ஒரு வேறுபாடு மறைந்து கிடக்கின்றது.

வந்தோருட் பெரும்பாலார் யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை முதலிய வடகிழக்கு மாவட்டத்தார். இவர்க்கு நிலம் உண்டு, ஊர் உண்டு, கோயிலில் முறையும் உண்டு. மற்றொரு திறத்தார் மலையகத்தார். 1830களுக்குப் பின் காப்பித் தோட்டங்களுக்கும், 1870களுக்குப் பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். இலங்கை விடுதலை பெற்ற ஆண்டிலேயே, 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் சட்டம் இவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாடு, 9,75,000 எனக் கணக்கிடப்பட்ட அம்மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரை எண்ணிப் பங்கிடும் இவ்வொப்பந்தங்களிற் பங்கிடப்பட்டோரின் கையொப்பம் இல்லை என்பது ஈண்டு நினையத்தக்கது.

1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் அடியுண்டு தோட்டங்களை விட்டு வெளியேறிய மலையகத்தார் பல்லாயிரவர், வவுனியாவிலும் அதனைச் சூழ்ந்த வன்னிப் பகுதியிலும் குடியேறினர். அவர்க்கு நிலமும் கிணறும் பள்ளியும் அமைத்துக் கொடுக்க முயன்றது காந்தீயம் என்னும் அமைப்பு. கட்டடக்கலை வல்லுநரான டேவிட்டும், மருத்துவர் இராசசுந்தரமும் அதனை நடத்தினர். இருவரும் 1983 ஏப்ரலில் கைதாயினர். அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த படுகொலையில் இராசசுந்தரம் மாண்டார். டேவிட் உயிர் தப்பி, மட்டக்களப்புச் சிறையுடைப்பில் வெளியேறிச் சென்னை வந்து சேர்ந்தார். அவர்கள் குடியேற்றிய மக்களும், போர் வன்னியைச் சூழ்ந்தபோது, படகேறினர்.

இம்மக்கள் வந்திறங்கியபின் அடைந்த இடங்களுள் ஒன்று மண்டபம் முகாம். இதன் வரலாறு தனியே எழுதத்தக்கது. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலியாட்களைத் தடுத்துவைத்து, நோய் உண்டா என ஆராய்ந்து, பதிவு செய்து அனுப்பிய முகாம் இதுவே. பாட்டனார் போகும்போது தங்கிய கொட்டடியில், பேரனார் வரும்போதும் தங்கினார். இடையில் நெடுங்காலம் சென்றது. இவர்களை நோக்கி 'திரும்பிப் போகின்றீரா' என வினவினால், அவர் திரும்பி வந்தது இங்கேயா, திரும்பிப் போவது அங்கேயா என்பதே முதல் ஐயம். தோட்டத்து லயன் வீடு அவர்க்கு உரியதன்று. வவுனியாக் குடியிருப்புக்கு உறுதியான பத்திரம் இல்லை. மாறாக, வடகிழக்கார்க்குத் திரும்புதல் என்னும் சொல்லில் இடர்ப்பாடு இல்லை, நிலத்தில் உளது. இவ்விரு திறத்தாரையும் 'இலங்கைத் தமிழர்' என்னும் ஒரே பத்தியில் எழுதிய பதிவேடே பிற்காலக் குழப்பங்கள் பலவற்றிற்கு வித்து என்பது என் துணிபு.

முதல் இரு வினாக்கள்

போவதா, இருப்பதா என்னும் வினா முதன்முதல் எழுந்தது 1987 ஜூலை 29-இல் இந்திய–இலங்கை உடன்பாடு கையெழுத்தான பின்னர். போர் முடிந்தது எனப் பலரும் நம்பினர். ஆனால் அக்டோபரிலேயே இந்திய அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அவ்வாறு இருந்தும் அவ்வாண்டு டிசம்பர் 24-இல் தொடங்கி 1989 ஆகஸ்டு வரை 25,585 பேர் திரும்பினர். 1990 மார்ச்சில் இந்தியப் படை நீங்கிற்று. ஜூனில் இலங்கைப் படையோடு போர் தொடங்கிற்று. திரும்பியவருட் பலர் மீண்டும் இராமேசுவரக் கரையில் இறங்கினர். அவர்களை அரசு பதிவேட்டில் புதிதாய் வந்தோராகவே எழுதிக்கொண்டது.

இரண்டாம் முறை எழுந்த வினா வேறு வகையினது. 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஒரு திங்களுக்குள் தமிழகத்தின் மனநிலை முற்றும் மாறிற்று. அதுவரை ஈழத்தவர்க்கு வீடு கொடுத்தவர் வாடகைக்கு ஆள் வேண்டா என்றனர். கல்லூரி இடங்கள் நிறுத்தப்பட்டன. அவை 1996-க்குப் பின்னரே மீண்டும் கிடைத்தன. இளைஞர் பலர் சிறப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். இச்சூழலில் 1992 ஜனவரி 20-இல் அரசு மக்களை அனுப்பத் தொடங்கியது. 'தாமே விரும்பிச் செல்லுகின்றனர்' என அரசு கூறியது. விருப்பம் என்னும் சொல் ஈண்டு ஆராயத்தக்கது. ஆங்கிலப் படிவத்தில், அதன் பொருள் அறியாதவர் இட்ட கையொப்பம் விருப்பம் ஆகுமா என்னும் குறை அந்நாளிலேயே எழுந்தது. உதவித்தொகை நிறுத்தப்படும் என்னும் அச்சமும், முகாம்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் செல்லத் தடையும் விருப்பத்தின் பின்னணியில் நின்றன.

இது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காயிற்று. பழ. நெடுமாறனும் மருத்துவர் இராமதாசும் தொடுத்த வழக்குகள் அவை. அவ்வாண்டே ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் அமைக்க இந்திய அரசு இசைந்தது. திரும்புவோரைக் கண்டு, விருப்பம் உண்மையானதா என அறிவது அதன் பணி. உலக அமைப்பு ஒன்று இதனைச் செய்வதால் விருப்பத்தின் தன்மையைத் தான் ஆராய வேண்டுவதில்லை என நீதிமன்றம் கொண்டது. ஆயினும் அவ்வமைப்பு முகாமிற்குட் சென்று மக்களைக் காணும் உரிமை பெற்றிருக்கவில்லை. புறப்படும் நிலையில் உள்ளாரையே காண இயன்றது. மூட்டை கட்டி வாயிலில் நிற்பவனிடம் 'போக விருப்பமா' எனக் கேட்டால், இல்லை என்பவன் எங்கே திரும்புவான்? இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட நாடன்று என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது. ஏதிலியரை நடத்தும் முறைக்கு அந்நாளில் சட்டம் என ஒன்றிருந்ததாயின், அது 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டமே.

1995 மார்ச் வரை 54,188 பேர் திரும்பினர். அவர்களுட் பலர் சொந்த ஊரை அடையவில்லை. மன்னாரிலும் வவுனியாவிலும் திருகோணமலையிலும் அமைந்த இடைத்தங்கல் முகாம்களிலேயே ஆண்டுக்கணக்கிற் கிடந்தனர். 1995 ஏப்ரல் 19-இல் போர் மீண்டும் மூண்டது. இறுதியாகத் திரும்பியவர் கரையிறங்கி ஒரு திங்கள் சென்றதோ இல்லையோ, அடுத்த அலை புறப்பட்டது. முன்னைய 1990-ஆம் ஆண்டு நிகழ்ச்சியோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. இருமுறை அனுப்பியதும், இருமுறை திரும்பியதும் முகாம் மக்கள் நினைவில் ஆழப் பதிந்தன. 2009-க்குப் பின்னர் அவர்கள் காட்டிய தயக்கத்தை, சோறு கிடைக்கும் இடத்தை விட்டு நீங்க மனமின்மை எனச் சிலர் எழுதினர். அது நேர்மையான வாசிப்பன்று. ஒருமுறை ஏமாந்தவன் எச்சரிக்கை அடைவான். இருமுறை ஏமாந்தவன் அவ்வினாவையே நம்பமாட்டான்.

இவ்விடத்தில் மற்றொரு வரலாற்றை ஒப்பிடல் பயன் தரும். 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் வந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் போர் முடிந்தது. அடுத்த ஆண்டின் முதற்சில திங்களுக்குள் மிகப் பெரும்பாலார் திரும்பிவிட்டனர். அவர்க்கு வினாவே எழவில்லை எனலாம். துரத்திய அரசு அழிந்து, தம் மொழி பேசும் அரசு அமைந்தது; இல்லம் விட்டு நீங்கி ஓராண்டும் நிரம்பவில்லை. ஈழத்தவர்க்கு இம்மூன்றனுள் ஒன்றும் வாய்க்கவில்லை.

2009-க்குப் பின்

2009 மே திங்களில் போர் முடிந்தது. அதன்பின் வினா மூன்றாம் முறை எழுந்தது. இம்முறை வலிந்து அனுப்பியவர் இல்லை, ஐ.நா. ஆணையத்தின் துணையோடு வானூர்தியில் சிறு சிறு குழுவினராய்ச் சென்றனர். தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு ஆயிரத்தைக் கடந்த எண்ணிக்கை பின்னர்ச் சுருங்கிற்று. வானூர்தி எடுத்துச் செல்லும் பொருளுக்கு வரம்பு உண்டு. இருபது முப்பது ஆண்டுகள் சேர்த்த தையற்பொறியும் மிதிவண்டியும் பாத்திரங்களும் விட்டுச் செல்ல வேண்டியவை. கப்பல் விடுக என்னும் வேண்டுகோள் பலகாலம் எழுந்தது இதனாலேயே. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடிய கப்பல் 1980களின் நடுவில் நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது 2023 அக்டோபரிலேயே.

திரும்புதலை ஊக்கியவர் எவரும் இலர் என எண்ணற்க. தந்தை செல்வா எனப் போற்றப்படும் சா. ஜே. வே. செல்வநாயகத்தின் மகனார் சந்திரகாசன் 1984-இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், இளைஞர்க்குக் கல்வி தந்து, நாடு திரும்பி அதனைக் கட்டுவதற்கு ஆயத்தம் செய்வதையே தன் குறிக்கோளாகக் கொண்டது. மறுபுறம், 2009-இல் தமிழக முதல்வர் கருணாநிதி இவர்கட்குக் குடியுரிமை வழங்குமாறு நடுவணரசை வேண்டினார். ஒரே இனத்தின் நலம் விரும்பியோர் இருவேறு திசைகளில் நின்றனர். இருவர் கருத்துக்கும் அறம் உண்டு. மக்கள் அனைவரும் நீங்கிவிட்டால் வடகிழக்கின் நிலம் யாருடையதாகும் என்பது முன்னவர் அச்சம். நாற்பதாண்டு ஓரிடத்தில் வாழ்ந்தவனை இன்னும் வந்தேறி எனல் முறையோ என்பது பின்னவர் வினா.

நிலம் பற்றிய அச்சம் வெற்றச்சம் அன்று. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 1990 முதல் படையினர் கைக்கொண்ட ஊர்கள் பல. அவற்றுள் மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சார்ந்த நிலமும் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். போர் முடிந்து எட்டாண்டு சென்ற பின்னரும் ஒரு மயிலிட்டி மீனவன் 'திரும்புக' என்னும் சொல்லுக்குச் செயல்வடிவம் தர இயலாதிருந்தான். படையினர் கொள்ளாத நிலத்திலும் இடர் உண்டு. பிறர் நிலத்தில் பத்தாண்டு தடையின்றி இருந்தவர் உரிமை கோரலாம் என்பது இலங்கையின் நெடுநாட் சட்டம். போரால் துரத்தப்பட்டவன் வராத பத்தாண்டுகள் அவனுக்கு எதிராகவே எண்ணப்படும் நிலை இதனால் உண்டாயிற்று. 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரை இடம்பெயர்ந்தோர்க்குச் சிறப்பு விலக்களித்தது. சட்டம் வந்ததை அறிந்து, வழக்குத் தொடுக்கும் வலிமையுடையார் முகாமில் எத்துணையர் என்பது வேறு செய்தி.

இருத்தலின் இடர்

போதற்கு இடையூறு இத்தன்மையது எனின், இருத்தற்கு இடையூறு சட்டத்தில் உளது. இதுபற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும், என்னை? இப்பொருளைத் தொட்டு எழுதுவோர் பலர் இதனை ஒரு தொடரிற் கூறிக் கடந்துவிடுகின்றனர்.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955-இல் இயற்றப்பட்டது. அதன்படி 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையே இந்திய மண்ணிற் பிறந்தோர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியர். 1987 ஜூலை முதல் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராதல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதற் பிறந்தோர்க்கு, ஒருவர் இந்தியராயினும் மற்றவர் சட்டத்திற்குப் புறம்பான குடியேறியாய் இருத்தலாகாது. படகில் வந்தவர் கடவுச்சீட்டுடன் வந்திலர். ஆகவே சட்டத்தின் நோக்கில் அவர் அத்தகைய குடியேறியே. இவ்வாறு நாட்கணக்கு ஒரு குடும்பத்தை எங்ஙனம் பிளக்கும் என எண்ணிப் பார்க்க. 1986-இல் முகாமிற் பிறந்த மூத்தவள் இந்தியள். 1988-இல் அதே ஓலைக் குடிசையிற் பிறந்த தம்பி அல்லன். உள்ளூர் இளைஞனை மணந்த முகாம்பெண்ணின் குழந்தை, 2005-இற் பிறந்ததாயின், தந்தையின் நாட்டிற் குடியுரிமை பெறற்கில்லை.

மூத்தவளின் உரிமை ஏட்டில் மட்டும் இருந்தது. 1986-இல் மண்டபம் முகாமிற் பிறந்த ஒரு பெண்மணி கடவுச்சீட்டு வேண்டித் தொடுத்த வழக்கில், 2022 ஆகஸ்டில் மதுரைக் கிளை அவர் பிறப்பால் இந்தியர் எனத் தீர்ப்பளித்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். இதே விதியைக் கொண்டு திபெத்திய ஏதிலிப் பெண் ஒருவர் தில்லி உயர் நீதிமன்றத்தில் 2010 டிசம்பரிலேயே வென்றிருந்தார். ஒரே சட்டம் தில்லியிலிருந்து மதுரை வந்து சேரப் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று.

மலையகத்தார் நிலை இன்னும் நுண்ணியது. 1964, 1974 உடன்பாடுகளின்படி இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டோரும் அவர் பிள்ளைகளும் 1983-க்குப் பின் படகில் வந்தமையால் ஏதிலியராய் எழுதப்பட்டனர். கப்பலில் வந்திருந்தால் குடிமக்கள். படகில் வந்ததால் அயலார். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சார்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூன் 17-இல் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் அவர்கள் குடியுரிமை விண்ணப்பங்களை ஆராய்ந்து முடிவு செய்யுமாறு நடுவணரசுக்கு ஆணையிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் இயற்றப்பட்ட குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானித்தான், வங்கதேசம், பாக்கித்தான் ஆகிய மூன்று நாட்டாரையே கருதியது. இலங்கை அதனுள் இடம்பெறவில்லை. 2021-இல் தமிழக அரசு முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றி, 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 வீடுகள் கட்ட முற்பட்டது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டு இன்மைக்காகத் தண்டிக்கப்படார் என நடுவணரசு விலக்களித்தது. தண்டனையினின்று விலக்குப் பெறுதல் வேறு, குடியாதல் வேறு. வீடு கட்டித் தரலாம்; அவ்வீட்டை அவர் பெயரில் எழுத இயலாது.

ஆதலின் திரும்பியோரும் இருந்தோரும் தம் முடிவை ஒருமுறை எடுத்து முடித்தவர் அல்லர். காந்தீயம் டேவிட் முப்பதாண்டுக்கு மேல் சென்னையில் வாழ்ந்தார். 2015-இல், தொண்ணூறு வயது கடந்த நிலையில், நாடு திரும்பினார். அவ்வாண்டு அக்டோபரில் கிளிநொச்சியில் மறைந்தார். மலையகத்தார்க்கு வன்னியில் நிலம் தேடியவர், தம் இறுதி நாட்களுக்கு அவ்வன்னியையே தேர்ந்தார். இதற்கு எதிர்மாறாக, 2022-இல் இலங்கையில் அரிசியும் பாலும் எரிபொருளும் அரிதாகியபோது, மார்ச் முதல் தனுசுக்கோடி மணல்திட்டுகளில் மக்கள் மீண்டும் வந்திறங்கினர். முன்னர்த் தமிழக முகாமில் வாழ்ந்து, போர் முடிந்தபின் விரும்பித் திரும்பியவரும் அவர்களிடையே இருந்தனர். 2025 மே இறுதியில், ஐ.நா. ஆணையத்தின் துணையோடு யாழ்ப்பாண விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், பண்டு கடவுச்சீட்டின்றி நாடு நீங்கினார் என்னும் குற்றத்தின்மேல் கைது செய்யப்பட்டார். உயிர் தப்பி ஓடியது முப்பது நாற்பது ஆண்டுக்குப் பின்னும் குற்றமாகவே ஏட்டில் நின்றது. அச்செய்தி புழல் முகாமிற்கும் கும்மிடிப்பூண்டிக்கும் எத்துணை விரைவிற் சென்றிருக்கும் என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை.

இக்கட்டுரைக்கென யான் உரையாடியவருள் ஒருவர் மேனாம்பேட்டில் எங்கள் தெருவிற்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருப்பவர், வலிகாமம் வடக்கைச் சார்ந்தவர், எண்பதை நெருங்கியவர். வண்ணம் பூசும் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். 'ஐயா, திரும்பிப் போக எண்ணம் உண்டா' என்றேன். "தம்பி, போறதெண்டால் வீட்டுக்கோ, நாட்டுக்கோ? நாட்டுக்கெண்டால் நாளைக்கும் போகலாம்" என்றார். பின்னர் உள்ளே சென்று, நெகிழித் தாளிற் சுற்றிய ஓர் ஏட்டை எடுத்து வந்தார். நாம் பத்திரம் என்பதை யாழ்ப்பாணத்தார் உறுதி என்பர். 1990-இல் படகேறும்போது அவர் கொணர்ந்த பொருள்களுள் இன்றுவரை எஞ்சியது அவ்வுறுதி ஒன்றே. நிலத்தின் நாற்புறத்து எல்லைகளும் அண்டை நிலத்தார் பெயர்களால் அதிற் குறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். கிழக்கெல்லைக்கு உரியவர் கனடாவில். வடக்கெல்லைக்கு உரியவர் மண்டபம் முகாமில் இறந்தார். தெற்கெல்லையார் பிரான்சில் மகளுடன். மேற்கெல்லைப் பெயரில் விரல் சற்று நின்றது. 'அவர் எங்கே' என யான் கேட்கவில்லை. ஏட்டை மீண்டும் சுற்றிக் கட்டி, அலமாரியின் மேல்தட்டில், அவ்வாண்டுக் காவல் நிலையப் பதிவுத் தாளின் அருகில் வைத்தார்.